சீப்பா கிடைக்குதுன்னு 'வாக்கி-டாக்கி' வாங்காதீங்க! முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் செட்

சங்கரன்கோவில்:

செல்போன் டவர் படுத்துவிட்டால் யாரிடம் பேசுவது? 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மக்கள் தவித்த தவிப்பு இதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. பல ஊர்களில் கரண்டும் போனது, செல்போனும் ஊமையானது.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது 'ஹாம் ரேடியோ'. இதற்கு டவரும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். செட்டுக்குச் செட்டு நேராகப் பேசலாம். 2004-ம் ஆண்டு சுனாமி தாக்கியபோது அந்தமான் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி, தன் ரேடியோ மூலம்தான் அங்கிருந்தவர்களின் தகவலை உறவினர்களுக்குச் சேர்த்தார்.

லைசென்ஸ் கட்டாயம்

சீனத் தயாரிப்பான பாவ்ஃபெங் போன்ற கையடக்க செட்டுகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். முறையான விவரம் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற ஆன்லைன் கம்பெனிகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் நோட்டீஸ் அனுப்பியது.

பயப்பட வேண்டாம். 12 வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேடியோ வேலை செய்யும் விதம், சட்ட விதிகள் பற்றிக் கேள்விகள் வரும். 'ரெஸ்டிரிக்டட்' கிரேடுக்கு 'கட்டுக்கடா' மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. பாஸானால் சொந்த அழைப்புக்குறி கிடைக்கும்.

இன்னொரு விஷயம். இந்த செட்டுகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். இந்த அலைவரிசையில் ஹாம்களுக்கு உரிமை உள்ளது 144 முதல் 146 வரை மட்டுமே. அதைத் தாண்டினால் போலீஸ் போன்றவர்களின் பேச்சில் குறுக்கிட நேரிடும். வியாபாரப் பேச்சும் கூடாது.

ஆன்டெனாவில்தான் சூட்சுமம்

5 வாட் செட்டில் வீடுகள் நெருங்கிய தெருவில் ஓரிரு கிலோமீட்டர் பேசினாலே பெரிசு. அதற்காக 8 வாட் செட் தேடி காசைக் கரைக்க வேண்டாம், பெரிய வித்தியாசம் தெரியாது. செலவில்லாத வழி, மொட்டை மாடி ஏறுவது. உயரம் கூடக் கூட தூரமும் கூடும்.

அடுத்தது, செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை மாற்றி நீளமான ஆன்டெனா போடுவது. அதுவும் முடியாதா? சுமார் 50 செ.மீ. மெல்லிய ஒயரை ஆன்டெனா அடியில் உள்ள வெளிப்பக்க உலோக வளையத்தில் மாட்டித் தொங்கவிட்டால் 144 மெகாஹெர்ட்ஸில் பேச்சு தெளிவாகும். நடு ஊசியில் ஒயர் படக்கூடாது. ஆன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனை அமுக்கவே கூடாது. செட்டு புகைந்துவிடும்.

ஒரு பேட்டரி கூடுதலாக வாங்கி, இரண்டையும் சார்ஜ் ஏற்றியே வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத ராத்திரியில் அதுதான் உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழக்கம் வேண்டும். பக்கத்து ஊர்களில் உள்ள ஹாம்களோடு அடிக்கடி பேசி, எங்கிருந்து பேசினால் யாருக்குக் கேட்கும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைத்துவிட்டு வெள்ளம் வந்த அன்றைக்கு எடுத்தால், மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்காது!