ரஷ்ய மொழி படித்துப் பேராசிரியர் ஆகலாம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில், கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டு மீனவக் கிராமங்களுக்கு அறிவிப்பு வரும். 2001 ஏப்ரல் 18 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் அடுக்கு எஞ்சின் ரஷ்யாவில் செய்தது. அதற்கான ஒப்பந்தம் 1991-இல் போடப்பட்டது. எஞ்சினோடு தொழில்நுட்பத்தையும் தருவதாக இருந்த ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் தொழில்நுட்பத்தை மட்டும் தர மறுத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் மாஸ்கோவில் என்ன மாறியது? இது போன்ற கேள்விகளுக்கு ரஷ்ய ஆவணங்களைப் படித்து விடை தேடுவதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளிடம் இப்படி ஒரு படிப்பு இருப்பதை யாரும் சொல்வதில்லை.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழிக்கு பி.ஏ. ஆனர்ஸ் உண்டு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் க்யூட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். முன்பே ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பில் எல்லோரும் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். சென்னையில் பெரிய பள்ளியில் படித்த பிள்ளையும் பொன்னேரி அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கும் படிப்புகள் அதிகம் இல்லை. ஹைதராபாத் இஃப்லு பல்கலைக்கழகத்திலும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் ரஷ்ய மொழி கற்பிக்கிறார்கள். அரசியல் பக்கம் போக விரும்பினால், ஜே.என்.யு.வில் ரஷ்ய, மத்திய ஆசிய ஆய்வுகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கே சோவியத் அரசியல் கற்பித்த பேராசிரியர் ஜாபர் இமாம், சோவியத் நாட்டின் இந்தியக் கொள்கையை ஆராய்ந்து 1969-இலேயே நூல் எழுதியவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி கற்பித்த அபய் மௌரியா, இஃப்லுவின் முதல் துணைவேந்தர் ஆனார்.

எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மொத்தம் 33 எழுத்துகள்தான். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி ஏடுகளை வீட்டில் வைத்திருந்த ஊர் நம்முடையது. ரஷ்யாவின் கஸான் நகரத்துத் தாத்தார் முஸ்லிம்களும் 1920களின் இறுதி வரை தங்கள் மொழியை அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். முஸ்லிம்களுக்காக குர்ஆன் 1787-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், 1803 முதல் கஸானிலும் அச்சானது. மதரஸாவில் அரபி படித்த பிள்ளை ரஷ்ய மொழியும் கற்றால், இந்த வரலாற்றை ஆராய இரண்டு சாவிகளும் அவர் கையில் இருக்கும். எதிர்த் திசையில் ஒருவர் இதைச் செய்து காட்டினார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, சங்க இலக்கியத்தை ஆராய்ந்த அலெக்சாண்டர் துப்யான்ஸ்கி 2020-இல் கொரோனாவில் இறந்தபோது தமிழ்நாடே வருந்தியது.

இந்தப் பாதை நீளமானது. பி.ஏ., எம்.ஏ. ஐந்து ஆண்டுகள், பிறகு யு.ஜி.சி. நெட் தேர்வு, அதன்பின் பி.எச்டி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000 வரும், குடும்பத்துக்குப் பாரமில்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022-இல் நிறுத்திவிட்டதால் ஜே.ஆர்.எஃப். இன்னும் முக்கியமாகிவிட்டது. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதைப் பெற்றோர் தெரிந்தே பிள்ளையை அனுப்ப வேண்டும். இடம் கிடைக்காதவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்யத் தொழில்நுட்பத்தில்தான் கட்டப்பட்டது.

ரஷ்யாவில் படிப்பு, வேலை என்று வரும் ஏஜெண்டுகள் விஷயம் வேறு. வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டதை 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வெளிக்கொண்டு வந்தது. ரஷ்ய மொழியில் இருந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டதாகச் சிலர் சொன்னார்கள். அந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவர்கூட இல்லை.

சென்னை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய மாளிகையில் மொழி வகுப்புகள் நடக்கின்றன. ரஷ்ய அரசின் கல்வி உதவித்தொகை பற்றியும் ஏஜெண்ட் இல்லாமல் அங்கேயே நேரில் கேட்கலாம். டெல்லிக்கு அனுப்பும் முன் பிள்ளைக்கு இந்த மொழி பிடிக்கிறதா என்று பார்க்க, அங்கே சில மாதம் படிக்க வைப்பது நல்லது.