புல்வெளியில் ஒரு கூடாரம்: புறப்படும் முன் போடும் கணக்கு

நம் நாட்டு மழைக்காட்டுக்குப் போய் வந்த மாணவர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு: "டீச்சர், இரண்டு நாள் நடந்தோம். அட்டையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை!" காட்டில் விலங்குகள் இல்லாமல் இல்லை; அடர்ந்த மரங்கள் அவற்றை மறைத்துவிடுகின்றன. மரங்கள் அரிதான புல்வெளியில் நிலைமை வேறு. வெகு தொலைவில் மேயும் விலங்கும் தெரியும். ஆனால், வெயிலுக்கு நிழலோ இடிக்கு ஒதுங்க இடமோ கிடையாது. அதனால், அங்கே முகாமிட நினைப்பவர்கள் பை கட்டுவதற்கு முன் சில கணக்குகளைப் போட வேண்டும்.

அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் உள்ள பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். பிரெய்ரி எனப்படும் புல்வெளியும் அரித்துப்போன களிமண் குன்றுகளும் சேர்ந்த நிலம் அது. ஏறத்தாழ 980 சதுர கிலோமீட்டர்; சிங்கப்பூரைவிடப் பெரியது. அங்குள்ள சேஜ் கிரீக் முகாம் தளத்தில் பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமைகள் கூடாரங்களுக்கு அருகிலேயே நடந்து போகும். நான்கு பேர் மூன்று நாள் அங்கே தங்கப் போவதாக வைத்துக்கொள்வோம்.

எப்போது போகலாம்?

கோடையில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பைசன்களின் இனச்சேர்க்கைக் காலமும்கூட. ஆண் பைசன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எளிதில் சினம் கொள்ளும். செப்டம்பரில் வெயிலும் தணியும், பைசன்களும் அமைதியடையும். இரவில் குளிரும் என்பதால் கம்பளி ஆடை அவசியம்.

தண்ணீர்க் கணக்கு

லக்கோத்தா பழங்குடியினர் இந்நிலத்தைத் தங்கள் மொழியில் 'கெட்ட நிலம்' என்றே அழைத்தனர். சேஜ் கிரீக்கில் குடிநீர்க் குழாய் இல்லை. ஓடைகளில் நீர் இருந்தாலும் அதில் நுண்ணிய களிமண் கலந்திருக்கும், வடிகட்டியையே அடைத்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால், 4 பேருக்கு 3 நாளைக்கு 48 லிட்டர். அதாவது 48 கிலோகிராம்! இத்தனையும் காரில் ஏற்றிச் செல்ல வேண்டும். நம் நாட்டில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வறண்ட காற்றில் அது உடனே ஆவியாகிவிடும். வியர்ப்பதே தெரியாமல் உடல் நீரை இழக்கும். எனவே, தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இடியும் தீயும்

சமவெளியில் உயர்ந்து நிற்கும் பொருளையே மின்னல் பெரும்பாலும் தாக்கும். அங்கே உங்கள் கூடாரமே உயர்ந்த பொருளாக இருக்கலாம்! கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது. காரின் உலோகக் கூடோ மின்சாரத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். ஆகவே, இடியோசை கேட்டதும் காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும்.

இந்தப் பூங்காவில் விறகு மூட்டவும் தடை உண்டு. காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறியைக் காற்று நொடியில் பரப்பிவிடும். சமைக்க எரிவாயு அடுப்பைப் பயன்படுத்தலாம்.

கட்டைவிரல் விதி

பைசன் 900 கிலோகிராம்வரை எடை கொண்டது. மெதுவாக மேய்வதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதன் ஓட்ட வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். ஒரு விநாடிக்கு 15 மீட்டர். படம் எடுப்பதற்காக 30 மீட்டர் அருகில் போனால், அது இரண்டே விநாடியில் உங்களை எட்டிவிடும். எனவே, விலங்குகளிடமிருந்து குறைந்தது 90 மீட்டர் விலகி நிற்கும்படி பூங்கா சொல்கிறது.

அளவு நாடா இல்லாமல் 90 மீட்டரை எப்படி அறிவது? கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் பைசனை விரல் முழுமையாக மறைத்தால் போதிய தூரத்தில் இருக்கிறீர்கள். இதன் பின்னால் இருப்பது வடிவொத்த முக்கோணக் கணிதம். விரலின் அகலம் 2 செ.மீ., கண்ணிலிருந்து அதன் தூரம் 60 செ.மீ. என்றால் விகிதம் 1:30. பைசனின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். 3 × 30 = 90 மீட்டர்! அது வாலைத் தூக்கினால், அந்தத் தூரமும் போதாது, உடனே பின்வாங்குங்கள்.

காலடியில் ஒரு நகரம்

புல்வெளியின் முக்கியக் குடிமகன் பைசன் அன்று, பிரெய்ரி நாய். பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பத்துக் கொறித்துண்ணி. அது தோண்டும் வளைகளில் ஆந்தைகளும் கிலுகிலுப்பைப் பாம்புகளும் குடியிருக்கும். அதனால், வளைக்குள் கையை விடவே கூடாது. கடலை போட்டுப் பழக்குவதும் தவறு. அது கடிக்கும், அதன் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் பிளேக் பாக்டீரியாவைச் சுமக்கலாம்.

இந்தப் பிரெய்ரி நாயை நம்பியே உயிர்வாழ்கிறது கருங்கால் ஃபெரெட் என்ற சிறு ஊனுண்ணி. இந்த இனம் அழிந்துவிட்டது என்றே அறிவியலாளர்கள் எண்ணியிருந்தனர். 1981-இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் இறந்த ஃபெரெட் ஒன்றைக் கவ்வி வந்தபோதுதான் அவை எஞ்சியிருப்பது தெரிந்தது. பின்னர் நோய் தாக்கவே, மிஞ்சிய 18 ஃபெரெட்டுகளைப் பிடித்துப் பாதுகாத்து இனப்பெருக்கம் செய்தனர். அவற்றின் வழிவந்தவை 1994-இல் பேட்லாண்ட்ஸில் விடப்பட்டன. பிளேக் பரவினால் பிரெய்ரி நாய்கள் மடியும். உணவின்றி ஃபெரெட்டுகளும் மடியும்.

தண்ணீரும் கம்பளியும் நம்மைக் காக்க. விலகி நிற்பதும் உணவு போடாமல் இருப்பதும் அவற்றையும் காக்க. நல்ல பயணத் திட்டத்தில் இரண்டுக்கும் இடம் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் கட்டைவிரலின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். உங்கள் விரல் ஒரு பைசனை மறைக்க, நீங்கள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்? அதே தூரத்தைப் பள்ளித் திடலில் நடந்து பாருங்கள்.