மார்கழியில் பொங்காத மாவு

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தின் சமவெளி ஊர்களிலிருந்து பெங்களூருக்குக் குடியேறும் குடும்பங்கள், முதலாண்டுக் குளிர்காலத்தில் பெரும்பாலும் சந்திக்கும் தொல்லை ஒன்றுண்டு. இரவில் அரைத்து வைத்த இட்டலி மாவு, விடிந்து பார்த்தால், வைத்த அளவிலேயே கிடக்கும். அவித்தாலோ கல் போன்ற இட்டலி. உடனே பழியானது உளுந்து விற்ற கடைக்காரர் மீதோ, வீட்டிற்குப் புதிதாக வந்த மருமகளின் ‘கைராசி’ மீதோ விழும். பின்னது பெரும் அநீதி என்பதே எமது துணிபு.

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். மார்கழி, தை இரவுகளில் இங்கு வெப்பம் 16 டிகிரி சென்டிகிரேடு அளவிற்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் அதே இரவுகளில் 21 டிகிரியை ஒட்டி நிற்கும். ஐந்து டிகிரிதானே என்று எண்ணலாகாது. மாவைப் பொங்கச் செய்வன உயிருள்ள நுண்ணுயிர்கள். அவை 25 முதல் 30 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பையே விரும்புவன. லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியாவே இட்டலி மாவின் எழுச்சிக்குத் தலைமைக் காரணம் என்று 1965இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அது பெரும்பாலும் உளுந்தோடு வந்து சேர்வது. ஆகவே கைராசி என்பது உண்மையில் உளுந்தின் ராசியே! அந்நுண்ணுயிர் புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது; உளுந்தின் கொழகொழப்பு அவ்வாயுவைக் குமிழிகளாகச் சிறைப்பிடிக்கிறது.

மேனாட்டார் வடிக்கும் லாகர் என்னும் பீர் வகைக்கு உதவும் ஈஸ்ட்டோ, 10 டிகிரிக் குளிரிலும் உழைக்க வல்லது. கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் என்பார் 1883இல் அதனைத் தூய வித்தாகப் பிரித்தெடுத்தார். அத்தகைய ஈஸ்ட்டும் சிற்சில வேளைகளில் நடுவழியில் உறங்கிவிடுவதுண்டு. அப்பொழுது சற்றே வெப்பம் ஊட்டி, மெல்லக் கலக்கி எழுப்புவர். நம் மாவிற்கும் வெப்பமே மருந்து. ஆனால் கலக்குதல் கூடாது. சிறைப்பட்ட வாயு வெளியேறிவிடும்.

பொங்காத மாவைக் கொட்டிவிடுமுன் முகர்ந்து பார்த்தல் வேண்டும். புளிப்பு வாடையும் குமிழியும் இல்லையெனில் நுண்ணுயிர்கள் இன்னும் விழிக்கவில்லை என்பது பொருள். அகன்ற பாத்திரத்தில் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீர் ஊற்றி, அதனுள் மாவுப் பாத்திரத்தை வைத்து, கம்பளியால் போர்த்துக. நீர் ஆறும்போது மாற்றுக. நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் பலன் தெரியும். கொதிநீர் கூடவே கூடாது, நுண்ணுயிர்கள் மாண்டுபோம்.

புளிப்பு வாடை நன்றாக இருந்தும் மாவு எழும்பவில்லையாயின், அது வேறு நோய். வாயு பிறந்தது, தங்க இடமின்றி ஓடிவிட்டது. உளுந்து பழையதாக இருக்கலாம், போதிய அளவு அரைபடாமல் இருக்கலாம், அல்லது நீர் மிகுந்திருக்கலாம். இம்மாவிற்கு எத்துணைக் கம்பளி போர்த்தினும் பயனில்லை. வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் வார்ப்பதே அறிவுடைமை. மேலே இளஞ்சிவப்போ பச்சையோ படர்ந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ தயங்காது கொட்டிவிடுக.

வருமுன் காக்க விரும்புவோர், இரவு ஒன்பது மணிக்கு அரைப்பதை விடுத்துப் பிற்பகல் மூன்று மணிக்கே அரைக்கலாம்; பெங்களூர்க் குளிரில் மாவிற்குப் பதினாறு மணி நேரம் கொடுப்பது மிகையன்று. உளுந்தோடு சிறிது வெந்தயம் ஊற வைத்தலும், முன்னாள் புளித்த மாவில் ஒரு கரண்டி சேர்த்தலும் நலம். ஆட்டும்போது மாவு சூடேறாதபடி பார்த்துக்கொள்க. சமையல் சோடா இட்டலியை உப்பச் செய்யும். புளித்த மாவின் சுவையைத் தராது.

கன்னட நாட்டிற்கும் இட்டலி புதியதன்று. கி.பி. 920ஐ ஒட்டிய ‘வட்டாராதனெ’ என்னும் கன்னட நூலிலேயே ‘இட்டலிகெ’ குறிக்கப்படுகிறது. புளிக்கக் காத்திராத ரவை இட்டலியை, இரண்டாம் உலகப் போரின் அரிசிப் பஞ்சத்தில் தாங்களே கண்டதாக இந்நகரின் எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுவர். விருந்தினர் வாயிலில் நிற்க, மாவு கம்பளிக்குள் உறங்கும் காலைகளில், தயிரும் ரவையும் சிறிது சோடாவும் கொண்டு அதனை அரை மணியில் அவித்து எடுத்துவிடலாம்.