ஒரு துப்பாக்கி, எட்டுப் பிள்ளைகள்

திருப்பதியிலோ சித்தூரிலோ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால், வீட்டில் எழும் முதல் கேள்வி “எவ்வளவு ஆகும்?” என்பதுதான். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்கான உயர்தர ரைஃபிள்களைச் செய்பவை ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களே. கைத்துப்பாக்கி என்றால் இத்தாலியின் பர்தினி, சுவிட்சர்லாந்தின் மொரினி. இங்கே வந்து சேரும்போது ஒரு ரைஃபிளின் விலை இரண்டு, மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். உடம்பை அசையாமல் தாங்கும் விறைப்பான கோட்டு, அதே துணியில் கால்சட்டை, தட்டையான அடிப்பாகமுள்ள பூட்ஸ், கையுறை, ரைஃபிளுக்குக் காற்று நிரப்ப ஒரு பெரிய சிலிண்டர், தினமும் தீரும் பெல்லட் எல்லாம் தனிக்கணக்கு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் பேச்சு அதோடு நின்றுவிடும். இந்தச் செலவைக் குறைக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன். மலிவான துப்பாக்கியைத் தேடுவதாலோ தோட்டாவை நாமே செய்துகொள்வதாலோ அது பெரிதாகக் குறையாது. ஒவ்வொரு வீடும் தனியாக வாங்கும் கருவியைப் பலர் பகிரும் பொதுக்கருவியாக மாற்றினால்தான் குறையும்.

விலை ஏன் இவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது வெறும் வியாபாரக் கொள்ளை இல்லை. பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். பெல்லட்டின் எடையும் அரை கிராம் சொச்சம். அறுபது முறை சுட வேண்டும், ஒவ்வொரு சூட்டையும் தசமப் புள்ளி வரை அளப்பார்கள், அதிகபட்சம் 654. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகள் எடுத்தார். ஒரு சூட்டுக்குச் சராசரி பத்தரைக்கு மேல். அப்படியும் பத்தாவது இடம்தான், இறுதிச்சுற்று எட்டுப் பேருக்கு மட்டும். 631.5 எடுத்த ரமிதா ஜிந்தல் ஐந்தாவதாக உள்ளே போனார். அறுபது சூட்டில் முக்கால் புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசம் வாழ்க்கையையே மாற்றும் விளையாட்டில், குழலின் நேர்த்தியிலும் விசையின் மென்மையிலும் யாரும் சமரசம் செய்ய மாட்டார்கள். அந்த நேர்த்திக்குத்தான் அந்த விலை.

வெடிமருந்துத் துப்பாக்கிக்குப் போனால் கணக்கு இன்னும் ஏறும். ஒருவர் நாளைக்கு நூறு வீதம் ஆண்டில் முந்நூறு நாள் சுட்டால் முப்பதாயிரம் சூடு. பெல்லட் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்தால் அறுபதாயிரம் ரூபாய். .22 தோட்டா ஒன்றுக்கு இருபது ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சம். இங்கேதான் சிலர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே சுட்ட கூட்டை எடுத்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய கேப் செருகி, மருந்தை அளந்து கொட்டி, குண்டைப் பொருத்தி, வீட்டிலேயே தோட்டா செய்துகொள்வது பழைய வழக்கம். 1958இல் லீ நிறுவனம் சிறிய கையடக்கக் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு சாதாரணக்காரர்களுக்கும் அது எட்டியது. நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிட்டால் அந்தக் கூட்டை வீட்டில் மறுபடி நிரப்ப நடைமுறையில் வழியில்லை. காற்றுத் துப்பாக்கிக்கோ மருந்தே வேண்டாம். ஆக, இளம் வீரர்கள் பெரும்பாலும் சுடும் இரண்டு வகைக்குமே இந்த வழி உதவாது. பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்கு வேண்டுமானால் உதவலாம். அங்கே தகுதிச் சுற்றில் 125 தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை. ஆனால் அதற்கும் அழுத்தும் எந்திரம், அச்சுகள், மில்லிகிராம் கணக்கில் நிறுக்கும் தராசு எல்லாம் வாங்க வேண்டும். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் குழல் கையிலேயே வெடிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரத்தையும்கூட அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. நீலகிரி அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை தோட்டாக்களுக்கான மருந்தைச் செய்கிறது, ஆனால் அது கடைச் சரக்கு இல்லை. நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டித்து, பால்ரஸ் போட்டுக் காட்டுப்பன்றியைச் சுடுவதும், அதைப் போலீஸ் பறிமுதல் செய்வதும் செய்தியாகும் காட்டோர மாவட்டங்கள் திருப்பதியும் சித்தூரும். இங்கே சட்டத்தின் அந்தக் கறார் தேவைதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் வழி எங்கே? இந்தியா ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இதுவரை ஏழு பதக்கம் வாங்கியிருக்கிறது. அவற்றில் மூன்று வெடிமருந்துத் துப்பாக்கியால் வந்தவை. 2004இல் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் அப்போது ராணுவ அதிகாரி. 2012இல் வெள்ளி வென்ற விஜய் குமாரும் அப்போது ராணுவத்தவர். 2024இல் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே மகாராஷ்டிர அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்து, ரயில்வேயில் வேலை பார்த்தவர். தோட்டா அதிகம் தின்னும் பிரிவுகளில் வென்ற மூவருக்குமே பின்னால் ஒரு பொது நிறுவனம் நின்றது. இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மீதி நான்கும் காற்றுத் துப்பாக்கிப் பதக்கம். அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நரங்குக்கு ரைஃபிள் வாங்க அவர் குடும்பம் நிலத்தை விற்றது என்பது பலரும் படித்த செய்தி. ஆனால் பாரிஸில் இரண்டு வெண்கலத்தில் பங்குள்ள மனு பாக்கர் தொடங்கியது ஹரியானாவில் கோரியா கிராமத்துப் பள்ளியின் சுடுதளத்தில். சொத்தோ நிலமோ இல்லாத வீட்டுக்கும் திறக்கக்கூடிய கதவு அந்தப் பள்ளிக்கூடத்துடையதுதான்.

உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்ற ஊர் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. ஊருக்குப் பொதுவாக ஒரு ரைஃபிள் கிளப் வந்தது. அறுபதைத் தாண்டிய சந்த்ரோ தோமரும் பிரகாஷி தோமரும் முக்காட்டோடு நின்று சுட்டுப் பதக்கம் குவித்தார்கள். பிரகாஷியின் மகள் சீமா 2010 உலகக் கோப்பையில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். அந்தக் கிளப்பில் பழகிய பிள்ளைகள் பலர் ராணுவத்திலும் போலீசிலும் வேலைக்குப் போனார்கள். அங்கே துப்பாக்கி விலை குறையவில்லை, பிடித்த கைகள் கூடின. இரண்டரை லட்ச ரூபாய் ரைஃபிள் ஒன்றை நாளுக்கு எட்டுப் பிள்ளைகள், ஆண்டுக்கு 250 நாள், பத்து ஆண்டு பயன்படுத்தினால் இருபதாயிரம் தடவை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய். பராமரிப்பாக இந்தப் பத்து ஆண்டில் கொஞ்சம் சேரும். காற்று உருளைக்கே பத்து ஆண்டுதான் ஆயுள் என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அதைக் கூட்டினாலும் ஒரு டீயும் போண்டாவும் வாங்கும் காசுதான்.

ஒரே ரைஃபிள் எல்லார் உடம்புக்கும் எப்படிப் பொருந்தும் என்று பயிற்சியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கன்னம் பதியும் கட்டையையும் தோளில் பதியும் தட்டையும் ஆளுக்குத் தக்கபடி நகர்த்தும் வசதி இப்போதைய ரைஃபிள்களில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் நோட்டில் குறித்துவைத்தால் ஐந்து நிமிட வேலை. தேசிய அளவுக்கு மேலே போகிறவர்களுக்குச் சொந்த ரைஃபிள் வேண்டும்தான், ஆனால் அந்தக் கட்டத்தில் அரசும் சங்கமும் கைகொடுக்க வாய்ப்புண்டு. ஆதரவில்லாமல் பிள்ளைகள் கழன்றுபோவது முதல் மூன்று ஆண்டில். அந்த ஆண்டுகளுக்கு ப்ரிசிஹோல் போன்ற இந்திய நிறுவனங்களின் விலை குறைந்த ரைஃபிளே போதும். கோட்டு விஷயமும் அப்படித்தான்: பிள்ளை வளர வளர அடுத்தவருக்குக் கைமாறட்டும்.

பாதுகாப்பு பற்றிய பயம் பெற்றோருக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் அதில் பாதிக்கும் குறைவு. இருந்தாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனாலேயே அது வீட்டு அலமாரியில் இருப்பதைவிட, பூட்டும் பதிவேடும் பொறுப்பாளரும் உள்ள ஒரு கூடத்தில் இருப்பது நல்லது. என்.சி.சி. மாணவர்கள் .22 ரைஃபிளையே மேற்பார்வையில் சுடுகிறார்கள்.

கழிப்பறையே இல்லாத பள்ளிக்கு ரைஃபிள் எதற்கு என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கழிப்பறை முதலில் வரட்டும். ஆனால் இதற்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. வேண்டியது பத்து மீட்டரைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கூடம், ஐந்து ரைஃபிள், கயிற்றில் ஓடும் காகித இலக்கு. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் கல்லூரிகளில் அப்படி ஒரு கூடம் கிடைக்காமல் போகாது. செலவுக்கு, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் பெரிய நிறுவனங்களின் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. உயர்தர ரைஃபிளாகவே வாங்கினாலும் ஐந்துக்குப் பன்னிரண்டரை லட்சம், நாற்பது பிள்ளைகளுக்கு இடம். ஒரு கல்லூரி முதல்வரும் ஒரு ஆலை மேலாளரும் உட்கார்ந்து பேசினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.