கணிப்பொறியின் செயலியை மாற்றலாமா?

சொந்த ஊரைப் பிரிந்து தில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இன்றியமையாத பொருளாகிவிட்டது. அது சற்றே தளர்ந்ததும், செயலியை மாற்றினால் போதும் என்று யாரேனும் யோசனை கூறுவர். நேரு பிளேசிலோ லேமிங்டன் சாலையிலோ உள்ள கடைக்காரர் அதனை வழிமொழிவார். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கைவைத்துச் செய்யும் செலவு இது. ஆதலின் மூன்று வினாக்களுக்கு முன்னதாகவே விடை காண்போம்.

முதல் வினா: தாமதத்திற்குக் காரணம் செயலிதானா? சமையற்காரர் எத்துணை விரைவாக நறுக்கினாலும், காய்கறி அடுத்த தெருவிலிருந்து வரவேண்டுமானால் விருந்து தாமதப்படவே செய்யும். ஒரு வேலைக்கு 10 நிமிடம் ஆகிறதென்று கொள்வோம். அதில் செயலியின் பங்கு 4 நிமிடம்; வன்தட்டின் பங்கு 6 நிமிடம். இருமடங்கு விரைவுள்ள செயலியை வாங்கினாலும் மிஞ்சுவது 2 நிமிடமே. அதே பணத்தில் வன்தட்டை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் பயன் பன்மடங்காகலாம்.

உண்மையை அறிவது அரிதன்று. விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். வேலை தடைப்படும் வேளையில் நினைவகமோ வட்டோ 100 விழுக்காட்டை நெருங்கினால், குறை அங்கேதான். ஆயினும் ஓர் எச்சரிக்கை: நான்கு கருக்கள் கொண்ட செயலியில் ஒரு கரு மட்டும் முழுமூச்சுடன் உழைத்தால், மொத்தக் கணக்கு 25 விழுக்காடு என்றே காட்டக்கூடும். ஆகவே ஒவ்வொரு கருவையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் வினா: புதிய செயலி பழைய பலகையில் பொருந்துமா? மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் செயலி பற்றவைக்கப்பட்டிருப்பதால் பேச்சிற்கே இடமில்லை. மேசைக் கணினியிலும் குழியின் பெயர் ஒன்றாயிருப்பது போதாது. இன்டெலின் 7-ஆம், 8-ஆம் தலைமுறைச் செயலிகள் இரண்டும் எல்.ஜி.ஏ. 1151 என்ற பெயருடைய குழிக்குரியவையே. எனினும் முன்னதன் பலகையில் பின்னது இயங்காது. பலகை செய்தவர் வெளியிடும் பட்டியலே இதற்குச் சான்று.

மூன்றாம் வினா: மாற்றிய பின் எத்தனை காலம் உதவும்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. 2017-இல் வந்த ஐ5-7400 உடையவர், அதே பலகையில் ஐ7-7700 பொருத்தினால் விரைவு கூடும். ஆனால் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அவ்விரண்டுமே இல்லை. அச்செலவு வீணுக்கு நெருங்கியதே. அதே ஆண்டின் ரைசன் 5 1600 உடையவர் நிலை வேறு. பலகை ஏற்குமாயின், 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ அதில் பொருத்தலாம். நினைவகத்தை மாற்ற வேண்டுவதில்லை. விண்டோஸ் 11-க்கும் வழி பிறக்கும். பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடல் வேண்டும். இன்றேல் புதியது உயிர்பெறாமற் போகலாம்.

மூன்று வினாக்களுக்கும் சாதகமான விடை கிடைத்தால் தயங்காமல் மாற்றுவோம். ஒன்றேனும் தவறினால் பணத்தைப் பத்திரப்படுத்துவோம். புதிய கணிப்பொறி வாங்கும் நாளில் அது முதலாகும்.