ஓடிகொலோன்

ஓடிகொலோன் என்பது எலுமிச்சை இனப் பழங்களின் எண்ணெய்களைச் சாராயத்தில் (எத்தனால்) கரைத்துத் தயாரிக்கப்படும் மென்மையான நறுமண நீர் ஆகும். பிரெஞ்சு மொழியில் இப்பெயர் "கொலோன் நகரத்து நீர்" எனப் பொருள்படும். தமிழ்நாட்டில் இது யூடிகோலன் எனவும் அழைக்கப்பட்டது.

வரலாறு

இத்தாலியில் பிறந்த யோகான் மரியா ஃபரீனா ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி இதனை உருவாக்கினார். 1709இல் அங்கு தொடங்கப்பட்ட ஃபரீனா நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் இந்நீரைப் பெருமளவில் பயன்படுத்தினார். தொடக்கத்தில் இருபாலரும் பூசிய இம்மணம், இருபதாம் நூற்றாண்டில் ஆண்களுக்கான நறுமணங்கள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. ஷெர்மேன் செல்லியே உருவாக்கி 1964இல் வெளிவந்த, எலுமிச்சை மணம் மேலோங்கிய "மொசியே பால்மேன்" இவற்றுள் ஒன்று.

சேர்க்கையும் மணமும்

தென் இத்தாலியில் விளையும் பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் எண்ணெய்கள் இதில் முதன்மையானவை. கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூவிலிருந்தும் இலையிலிருந்தும் எடுக்கப்படும் எண்ணெய்களும், லாவெண்டர், ரோஸ்மேரி ஆகியனவும் சேர்க்கப்படுவதுண்டு.

தோல் எண்ணெய் பழத்தோலில் உள்ள நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும். பொம்மிடியை அடுத்துள்ள சேர்வராயன் மலையில் விளையும் ஆரஞ்சுப் பழத்தின் தோலை மடித்து அழுத்தினாலும் இவ்வெண்ணெய் நுண்துளிகளாகத் தெறிப்பதைக் காணலாம். இதன் பெரும்பகுதி லிமோனீன் என்னும் சேர்மம் ஆகும். இதன் மூலக்கூறுகள் சிறியவை. எளிதில் ஆவியாகக் கூடியவை. ஆகவே சந்தனம் போன்றவற்றின் மணம் பல மணி நேரம் நிலைக்க, இம்மணம் பூசிய சிறிது நேரத்திலேயே மறைந்து விடுகிறது. இதனைக் குறையாகக் கொள்ளாமல், உடலுக்குப் புத்துணர்வளித்து விலகும் இயல்பாகவே இரசிகர்கள் போற்றுவர்.

இந்தியாவில்

1917இல் தொடங்கப்பட்ட டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் தயாரித்த ஓடிகொலோன் இந்திய இல்லங்களில் நன்கு அறியப்பட்டிருந்தது. காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஓடிகொலோன் கலந்த நீரில் நனைத்த துணியை இடுவது வழக்கமாக இருந்தது. சாராயம் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்வதால் குளிர்ச்சி தோன்றும். நோய் இதனால் குணமாவதில்லை. இந்நிறுவனம் 1993இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

மறைந்த மணங்கள்

தயாரிப்பு நின்றுபோன ஓடிகொலோனை மீண்டும் நுகர்வது கடினம். புட்டியில் எஞ்சியிருப்பினும், லிமோனீன் காற்றுடன் வினைபுரிந்து மணம் திரிந்து விடும். பெயர் நீடித்தாலும் மணம் மாறுவதுண்டு. "மொசியே பால்மேன்" 1990இல் மாற்றியமைக்கப்பட்டது. பெர்கமோட் எண்ணெயிலுள்ள பெர்காப்டென் வெயிலில் தோலைப் புண்ணாக்கும் என அறியப்பட்டதால், தற்போது அது நீக்கப்பட்ட எண்ணெயே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

எனவே பழைய மணத்தைக் காப்பதற்கு அதன் செய்முறைக் குறிப்பே உறுதியான வழியாகும். பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் நிறுவப்பட்ட ஒஸ்மோதெக் என்னும் நறுமணக் காப்பகம், மறைந்த மணங்களை மூலக் குறிப்புகளைக் கொண்டு மீண்டும் தயாரித்து, ஆர்கான் வளிமம் நிரப்பிய புட்டிகளில், ஒளி படாமல் குளிர்ந்த நிலையில் பாதுகாக்கிறது.