வாலிபரும் மதுவும்: நம் வீட்டுக் கதவுக்குள்

மதுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது நமக்கு ஹராமாயிற்றே! நம் பிள்ளைகள் அப்பக்கம் திரும்புவார்களா?" என்று பெரியவர்கள் முடித்துவிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளைகள் வாழும் சூழல் மாறிவிட்டதை நாம் உணர வேண்டாமா?

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் கடைகள் மறுபடியும் திறந்தன. அப்போதும் ஊரில் ஒரு வாலிபன் ஒளிந்துதான் குடிக்கப் போனான். வழியில் மாமாவோ சாச்சாவோ கண்டுவிடுவாரே என்ற அச்சம் இருந்தது. 2003 நவம்பரில் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையை ஏற்றது. அதன்பின் பிறந்தவர்கள் இன்று கல்லூரியில் பயில்கிறார்கள். மதுக்கடை இல்லாத கடைத்தெருவை அவர்களில் பலர் கண்டதே இல்லை. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது என்பது சட்டம்; மூத்த நண்பன் வாங்கி வந்தால் யார் தடுப்பது? பிறந்தநாள், தேர்வு முடிவு, வேலை கிடைத்த மகிழ்ச்சி எல்லாவற்றுக்கும் "ட்ரீட்" கேட்கிறார்கள். அக்கூட்டத்தில் நம் பிள்ளை குளிர்பானத்துடன் அமர்ந்திருப்பான். எத்தனை நாளைக்கு?

வந்த வழக்கம் போகாது என்று மனம் தளர்ந்துவிடாதீர்கள். மது ஆறாக ஓடுவதாக நாம் எண்ணும் பிரிட்டனில், 16 முதல் 24 வயதுடையோரில் மது அருந்தாதோர் 2005இல் நூற்றுக்கு 19 பேர். 2013இல் 27 பேர். கடைக்காரர்கள் வயதுச் சான்று கேட்பதில் கண்டிப்புக் காட்டினார்கள், பெற்றோரும் கண்டிப்பாயினர். மது அருந்தாத சமூகத்தார் அங்கே பெருகியதும் ஒரு காரணமே, அது மட்டுமே காரணமன்று. நண்பர்களில் நால்வர் மறுத்தால் ஐந்தாமவன் மறுப்பது எளிதாகிவிடுகிறதல்லவா?

இதனினும் பெரிய மாற்றத்தை மதீனா கண்டது. அருள்மறை மதுவை ஒரே நாளில் விலக்கவில்லை. நன்மையைவிடத் தீமையே மிகுதி என்று முதலில் உணர்த்தியது. போதையில் தொழுகையை நெருங்கத் தடை விதித்தது. பின்னர் "மாயிதா" அத்தியாயத்தில் முற்றாக விலக்கியது. அவ்வேளை அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்ச மதுவைப் பரிமாறிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? இருபது வயதை எட்டாத அனஸ் (ரலி) அவர்கள். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்டதும், கொட்டிவிடுமாறு அபூதல்ஹா பணித்தார்கள். தெருவெங்கும் மது ஓடியது. அந்த இளைஞருக்கு யாரும் சொற்பொழிவாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மூத்தவர்களே முதலில் கைவிட்டார்கள். கொட்டும் பணி மட்டுமே அவருடையதாயிருந்தது.

நாம் செய்வதென்ன? மகன் குடிப்பது தெரிந்ததும், ஜமாஅத்தில் தலைகுனிவு வருமே, மகளின் சம்பந்தம் நின்றுவிடுமே என்று மூடி மறைக்கிறோம். மறைத்த காலமெல்லாம் நோய் முற்றும் காலம். "நிக்காஹ் முடித்துவிட்டால் திருந்திவிடுவான்" என்று இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வைப் பணயம் வைப்போரும் உண்டு. (இதற்குத் துணைபோகும் உறவினர்கள் மறுமையில் என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!)

இன்னொரு தவறு, பிள்ளையை அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்த முயல்வது. நெடுநாள் அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் தோன்றலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கெனவே இயங்குவது. அங்கே நோயாளியின் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குகிறார்கள். வெளியூர்த் தாய்மார்கள் 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழிகேட்கலாம்.